ஒரே இருப்பில் முடிக்கக்கூடிய வீடியோ கேம்கள்: தெரிவு செய்வது முதல் விளையாடி முடிப்பது வரை

வீடியோ கேம் விளையாடத் தொடங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் ஒரு கேமை அதன் கடைசிக் காட்சி வரை கொண்டுபோய் முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய நிறுவனங்களின் கேம்களில் பல நாற்பது, அறுபது மணித்தியாலங்களைக் கேட்பவை. காலையில் கந்தோருக்குப் போய், பின்னேரம் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கி, இரவுச் சாப்பாடு முடிந்து நிமிரும்போது ஒன்பது மணியாகிவிடும் ஒருவருக்கு அந்த அறுபது மணித்தியாலம் எட்டு மாதத்திலும் சேராது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பத் திறந்தால் எந்தப் பொத்தான் எதற்கென்பதும் மறந்திருக்கும், கதை எங்கே நின்றதென்பதும் மறந்திருக்கும். மட்டக்களப்பின் கல்லடியில் இருந்துகொண்டு நானும் பல ஆண்டுகள் இப்படியே பாதியில் விட்டுவந்தேன். ஐந்து நிமிடத்திலிருந்து நான்கு மணித்தியாலம் வரைக்குள் முழுமையாக முடிந்துவிடும் சிறிய கேம்கள் இருக்கின்றன என்று அறிந்த பிறகுதான் இந்தக் கலையை உண்மையில் அனுபவிக்கத் தொடங்கினேன். அந்த அனுபவத்திலிருந்து, கேமைத் தெரிவு செய்வது முதல் முடித்த பின் என்ன செய்வது என்பது வரை படிப்படியாக எழுதுகிறேன்.

குறுகியது என்றால் குறைபட்டது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தூரத்து உதாரணம் தேவையில்லை. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒரே மாலைக்குள் அடங்கும்படி சுருக்கி மேடையேற்றினார். ஆட்டமும் பாட்டும் மத்தளமும் அப்படியே நிற்க, திரும்பத் திரும்ப வந்த பகுதிகள் நீங்கின. நல்ல சிறிய கேமும் அப்படித்தான் செய்யப்படுகிறது. அலைந்து திரியும் நேரம், ஒரே எதிரியை நூறு முறை அடிக்கும் நேரம் எல்லாம் நீங்கி, சொல்ல வந்தது மட்டும் நிற்கும்.

படி 1: கையில் இருக்கும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

கேமைத் தேடுவதற்கு முன் உங்கள் நேரத்தைத் தேடுங்கள். சிறிய கேமின் பலம் முழுவதும் அது அறுபடாமல் விளையாடப்படுவதில் இருக்கிறது. ஆகவே இரண்டு மணித்தியாலக் கேமை நான்கு நாட்களுக்கு அரை மணித்தியாலமாகப் பிரிப்பதைவிட, அரை மணித்தியாலக் கேம் ஒன்றை ஒரே இரவில் முடிப்பது மேல். எங்கள் பக்கத்தில் பூரணை விடுமுறை நாட்களும், வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டு வெளியே இறங்க முடியாத கார்த்திகை, மார்கழி நாட்களும் இதற்கு மிகவும் வாய்ப்பானவை. பெரும்போக வெட்டுக் காலத்தில் அம்பாறைப் பக்கத்து வயற்காரர் எவரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒரு கேம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை 'ஹவ் லோங் டு பீட்' என்ற இணையத்தளத்தில் பார்க்கலாம். விளையாடி முடித்தவர்கள் தாங்கள் எடுத்த நேரத்தை அங்கே பதிவு செய்கிறார்கள். கதையை மட்டும் முடிக்கும் நேரம், பக்க வேலைகளையும் சேர்த்த நேரம், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முடிக்கும் நேரம் என்று தனித்தனியே காட்டும். முதலாவதைப் பாருங்கள். ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் பழகிய கைகள் தந்தவை. நீங்கள் புதியவர் என்றால் காட்டும் நேரத்தோடு அதன் அரைப்பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கால் மணித்தியாலம் ஒதுக்கி வையுங்கள். அது முடித்த பிறகு சும்மா இருப்பதற்கான நேரம், அதைப் பற்றிக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 2: உங்களுக்கு ஏற்ற கேமைத் தெரிவு செய்யுங்கள்

வழிகாட்டி எழுதுபவர்கள் பலரும் இந்தப் படியில் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் சிலவற்றையே சொல்கிறேன், ஆனால் ஏன் என்பதோடு சொல்கிறேன்.

ஐந்தே நிமிடம் இருப்பவர், அல்லது சிறிய கேம் என்ற ஒன்றை நம்பாதவர், 'பசேஜ்' என்பதிலிருந்து தொடங்கலாம். ஜேசன் ரோரர் என்பவர் 2007இல் தனியாளாகச் செய்து இலவசமாக விட்டது. திரை 100 படப்புள்ளி (பிக்சல்) நீளமும் 16 படப்புள்ளி உயரமும் மட்டுமே கொண்ட ஒரு மெல்லிய பட்டி. இடது ஓரத்தில் இளைஞனாக நிற்கிறீர்கள். வலது பக்கம், அதாவது வரப்போகும் காலம், மங்கலாக நசுங்கித் தெரிகிறது. போகப் போக உங்கள் உருவம் திரையின் வலப்பக்கம் நகர்ந்து, நடந்து வந்த பாதை பின்னால் நசுங்குகிறது, தலைமுடி நரைக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்பாள். அவளைத் தொட்டால் இருவரும் சேர்ந்து நடப்பீர்கள், ஆனால் இருவராகப் போகும்போது ஒடுங்கிய இடுக்குகளுக்குள் நுழைந்து அங்கிருக்கும் பெட்டிகளை எடுக்க முடியாது. ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு வாழ்க்கை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் தனது சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்த 14 கேம்களில் இதுவும் ஒன்று.

அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால், கையில் போன் மட்டுமே இருந்தால், 'புளோரன்ஸ்' போதும். 2018இல் அவுஸ்திரேலியாவின் மவுண்டன்ஸ் என்ற சிறு குழு வெளியிட்ட காதல் கதை. இதில் என்னை மிகவும் கவர்ந்தது உரையாடல்களைச் செய்திருக்கும் விதம். புளோரன்சும் கிரிஷ் என்ற இளைஞனும் முதன்முதல் சந்தித்துப் பேசும்போது, வாய்க்குமேல் வரும் பேச்சுக்குமிழைச் சிறு துண்டுகளை இணைத்து நீங்கள்தான் நிரப்ப வேண்டும். முதலில் துண்டுகள் அதிகம், தடுமாற்றம் அதிகம். பழகப் பழகத் துண்டுகள் குறைந்து, பேச்சு தானாக வருகிறது. பின்னர் ஒரு சண்டை வரும்போது அதே துண்டுகள் கூரான விளிம்புகளோடு வருகின்றன, நீங்கள் அவசர அவசரமாக அவற்றைப் பொருத்திக்கொண்டிருப்பீர்கள். ஒரு சொல்லையும் வாசிக்காமலே யார் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார்கள் என்பதை விரல் உணர்ந்துவிடும்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத ஒன்று 'வெண்பா'. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயார் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்க, விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைப்பதே விளையாட்டு. 2024இல் பிரித்தானியாவின் பாப்டா அமைப்பு முதற்படைப்புக்குத் தரும் அறிமுகக் கேம் விருது இதற்குக் கிடைத்தது. பிட்டு அவிக்கும் கட்டம் வந்தபோது என் அம்மா பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த அழிந்த பக்கத்தையே பார்த்து யோசிப்பதைக் கண்டு, "மாவுக்கு முந்தித் தேங்காய்ப்பூவப் போடு மனே, இதுக்கெல்லாம் ஒரு கொப்பியா?" என்றார். அதன் பிறகு எழுந்து போகாமல் கடைசி வரை அருகிலேயே இருந்தார். கேம் என்றால் சுட்டுத்தள்ளுவது என்று எண்ணும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தவருக்கு 'எ ஷோர்ட் ஹைக்' என்ற 2019ஆம் ஆண்டுக் கேமைச் சொல்வேன். கிளெயர் என்ற பறவை ஒரு முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கிறாள், ஆனால் தீவில் சிக்னல் இல்லை, மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். தங்க இறகுகள் சேரச் சேர அவளால் கூடிய உயரம் ஏற முடியும். நேரே உச்சிக்கு ஓடாதீர்கள். வழியில் மீன்பிடிப்பதும், காணும் ஆட்களோடு கதைப்பதும், மேலிருந்து குதித்து மிதந்து இறங்குவதும்தான் கேம். அதே அளவு நேரத்தில் முடியும் 'ஜேர்னி' 2012இல் வந்தது. மணல்வெளியில் நடந்துபோகும்போது எங்கோ உலகின் வேறொரு மூலையில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் எதிரே வருவார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஓர் ஒலி எழுப்பிக் கூப்பிட மட்டுமே முடியும். இதற்கு இணைய இணைப்பு இருந்தால் நல்லது. இணைப்பு அறுந்தால் தனியாகவே நடக்க வேண்டி வரும்.

மூன்று, நான்கு மணித்தியாலம் என்றால் 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டல்', டென்மார்க்கின் பிளேடெட் குழு செய்த 'லிம்போ', 'இன்சைட்' ஆகியவை உண்டு. போர்ட்டலின் சோதனை அறைகள் ஒன்றுக்கொன்று மெல்ல மெல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போகும் விதத்துக்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை. நீண்ட நேரம் உட்கார முடியாதவருக்கு 'மினிட்' என்ற 2018ஆம் ஆண்டுக் கேம் பொருந்தும். அதில் உங்கள் ஒவ்வொரு உயிரும் 60 விநாடிதான், ஆனால் எடுத்த பொருட்கள் அடுத்த உயிருக்கும் தங்கும்.

தெரிவின்போது மொழியையும் பார்க்க வேண்டும். இந்தக் கேம்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் பேசுகின்றன. ஆங்கிலம் ஓடாத பிள்ளைகளும் பெரியவர்களும் அதனாலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். ஜேர்னி, லிம்போ, இன்சைட், நான்கு கட்டங்களுக்குள் படங்களை நகர்த்திப் புதிர் தீர்க்கும் 'கோரகோவா' ஆகியவற்றில் கதை சொற்களே இல்லாமல் நடக்கிறது. செக் நாட்டின் அமனிற்றா டிசைன் குழுவுடைய முதற் படைப்பான 'சமொரோஸ்ட்' என்பதும் அப்படித்தான். 2003இல் ஒரு மாணவரின் வேலையாகத் தொடங்கிய அதன் புதுப்பித்த பதிப்பு 2021 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது என் அறிவில் இல்லை.

உள்ளடக்கத்தைப் பற்றி ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். லிம்போவிலும் இன்சைட்டிலும் ஒரு சிறுவன் பல கொடிய விதங்களில் இறக்கிறான், அவை சிறுபிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. 'வட் ரிமெய்ன்ஸ் ஒஃப் ஈடித் பின்ச்' என்ற 2017ஆம் ஆண்டுக் கேம் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு குடும்பத்தின் மரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்வது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் ஒருவனின் பகுதியில், வலது கை மீனை வெட்டிக்கொண்டே இருக்க, இடது கை அவனுடைய கற்பனை உலகில் நடந்துகொண்டிருக்கும். கேம் என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது. ஆனால் அதே பகுதி தற்கொலையில் முடிகிறது, இன்னொரு பகுதியில் குழந்தை ஒன்று நீரில் மூழ்குகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு, நாவலடியிலிருந்து கல்முனை, மருதமுனை வரை இந்தக் கரையில் நீரிடம் உறவைக் கொடுக்காத தெருவைக் காண்பது அரிது. அந்தத் துயரம் உள்ள வீட்டில் இந்தக் கேமை முன்னறிவிப்பில்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

படி 3: நேர்மையாகப் பெற்றுக்கொள்ளுங்கள்

காசு செலவழிக்காமல் தொடங்க விரும்புகிறவர் 'இச் டொட் ஐஓ' தளத்துக்குப் போகலாம். 2013இல் தொடங்கிய இத்தளத்தில் சிறு உருவாக்குநர்களின் எண்ணற்ற கேம்கள் இலவசமாகவோ விரும்பிய தொகைக்கோ கிடைக்கின்றன, பலவற்றை உலாவியிலேயே விளையாடலாம். அங்கே காண்பவற்றில் பல 48 மணித்தியாலத்துக்குள் அல்லது ஒரு வாரத்துக்குள் கேம் செய்யும் போட்டிகளில் பிறந்தவை. தரம் ஏறியிறங்கும். ஆனால் மடி தோர்சனும் நோயல் பெரியும் 2015இல் நான்கே நாளில் செய்த சிறு மலையேற்றக் கேம்தான் பின்னர் 2018இல் 'செலெஸ்ட்' என்ற பெரிய கேமாக வளர்ந்தது. அந்த முதற் சிறு வடிவத்தை இன்றும் உலாவியில் இலவசமாக விளையாடலாம். எபிக் கேம்ஸ் கடையும் வாரந்தோறும் ஏதாவது கேமை இலவசமாகக் கொடுக்கிறது. கணக்கு ஒன்றைத் திறந்து அவ்வப்போது எட்டிப்பாருங்கள்.

கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் நமக்கு விலை அமெரிக்க டொலரில் வரும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதி உள்ள வங்கி அட்டை தேவை. வாங்குமுன் அன்றைய மாற்று வீதத்தில் கணக்குப் பாருங்கள். கோடைகாலத்திலும் வருட இறுதியிலும் பெரிய விலைக்கழிவு வரும். அவசரமில்லை என்றால் கேமை விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு அதுவரை பொறுத்திருக்கலாம்.

வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கேம் உங்கள் கணினியில் ஓடாவிட்டால் இந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் ஒன்றரை மணித்தியாலக் கேமைக் கடைசி வரை ரசித்து முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது, சாப்பிட்டு எழுந்து இலையை மடித்துவிட்டுக் காசு தர மாட்டேன் என்பதற்குச் சமம். 2021இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாகக் கேம் செய்துவந்த ஒருவர், தனது கேம் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிவதால் பலர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர் என்று சொல்லி, கேம் உருவாக்கத்தை விட்டுக் காலவரையின்றி விலகுவதாக அறிவித்தார்.

படி 4: முன்கூட்டியே இறக்கி, பரிசோதித்து வையுங்கள்

சிறிய கேம்களின் இன்னொரு நன்மை அவற்றின் எடை. லிம்போ ஏறத்தாழ 150 மெகாபைட், எ ஷோர்ட் ஹைக் 400 மெகாபைட் அளவில்தான் இடம் கேட்கும். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத பழைய மடிக்கணினியிலும் இவை ஓடும். ஈடித் பின்ச் போன்றவை சில ஜிகாபைட் ஆகலாம். உங்கள் வீட்டு இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பின் தனியாக டேட்டா தருவார்கள் என்றால் அந்த நேரத்தில் இறக்குங்கள்.

இறக்கியதும் ஒரு முறை திறந்து முதல் திரை வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். ஸ்டீமை இணைப்பு இல்லாத நிலையிலும் இயக்கலாம். ஆனால் அதற்கு முன் இணைப்போடு ஒருமுறை உள்நுழைந்து கேமைத் திறந்திருக்க வேண்டும். மழைக்காற்றில் இணைப்புப் போன பிறகு இதை நினைத்துப் பயனில்லை. மடிக்கணினியின் பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைப்பதும் அவ்வளவு முக்கியம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், எ ஷோர்ட் ஹைக்கை நான் குப்பி விளக்குக்கு அருகே பற்றரியிலேயே விளையாடி முடித்தேன்.

படி 5: விளையாடும்போது

போனை வேறு அறையில் வையுங்கள். இயர்போன் போடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது லிம்போவின் மெல்லிய ஒலிகள் ஒன்றும் கேளாது, அவை கேளாவிட்டால் அந்தக் கேமில் பாதி போய்விடும். கொன்றோலர் இருந்தால் ஜேர்னி, ஈடித் பின்ச் போன்றவற்றுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

எங்காவது சிக்கிக்கொண்டால் உடனே யூரியூப்பில் விடை தேடாதீர்கள். பத்து நிமிடம் முயலுங்கள். பிறகு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, திரையில் இதுவரை தொட்டுப் பார்க்காத பொருள் எது என்று மட்டும் தேடுங்கள். சிறிய கேமில் தேவையற்ற பொருளை வைக்க உருவாக்குநருக்கு இடமில்லை, ஆகவே தொடாத பொருளில்தான் பெரும்பாலும் வழி இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் விடையைப் பாருங்கள். மீதியைப் பார்க்காமல் மூடுங்கள்.

படி 6: முடித்த பின்

பெயர்ப்பட்டியல் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள். பெரிய கேமில் ஆயிரம் பேர் ஓடுவார்கள், சிறிய கேமில் நாலைந்து பெயர்களே வரும். அவர்களுடைய பல ஆண்டு வேலையைத்தான் இப்போது முடித்திருக்கிறீர்கள். நான் ஒதுக்கச் சொன்ன கால் மணித்தியாலம் இங்கேதான் தேவைப்படும். உடனே அடுத்த கேமைத் திறந்தால் முன்னையது கரைந்துவிடும். கேம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்கிய கடையில் இரண்டு வரி மதிப்புரை எழுதுங்கள், சிறு உருவாக்குநருக்கு அது பேருதவி.

பிறகு இன்னொருவருக்குக் கொடுங்கள். சிறிய கேமை மட்டுமே இப்படிக் கைமாற்றி, அடுத்த நாளே அதைப் பற்றிக் கதைக்க முடியும். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வழி சொல்லாதீர்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த என் மருமகனுக்குப் பசேஜைக் கொடுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. முதல் முறை அவன் அந்தப் பெண்ணை விலகிப்போய், இடுக்குகளுக்குள் நுழைந்து பெட்டி பெட்டியாகச் சேர்த்தான். கல்லறை வந்ததும், "இவ்வளவுதானா மாமா? முடிஞ்சிற்றா?" என்றான். நான் பேசவில்லை. உடனே மறுபடி தொடங்கி, இம்முறை அவளோடு நேரே வலப்பக்கம் நடந்தான். முடிவை நெருங்குகையில் அவள் இல்லாமல் போனபோது விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தான். மூன்றாவது முறை அவளைத் தொட்டுவிட்டு, தொடங்கிய இடத்தை விட்டு ஓர் அடியும் நகராமல், இருவரும் நரைக்கும் வரை ஐந்து நிமிடமும் பார்த்துக்கொண்டே இருந்தான்.